நான் என்று சொல்வது யார்? ரங்கூன் படிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் தமிழ்ப் படிப்பு வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். பதில்கள் என் பொறுப்பு. முன்படிப்பு எதுவும் வேண்டாம், எந்தக் கேள்வியிலிருந்தும் தொடங்கலாம். ஆனால் ரதம் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்றவற்றில் பாதி அதில்தான் வந்து முட்டுகிறது.

இதெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு இல்லையா? கரண்டே ஒழுங்காக வராத ஊரில் இது எதற்கு?

நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏழாம் நாள் பிக்குகளை அழைத்துச் சோறிட்டுப் புண்ணியம் பகிர்கிறோம். பதினாறாம் நாள் கருமாதி செய்து பிண்டம் வைக்கிறோம். "தாத்தா இப்ப எங்க இருக்காரு?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பெரியம்மா ஒரு பதில் சொல்வார், பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி வேறொரு பதில் சொல்வார். பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டும். போனது யார், போவதற்கு ஒருவர் உண்டா என்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்வி. அது நம் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்கப் பழகிக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஷ்வேடகோனைப் பலமுறை உயர்த்தியும் திருத்தியும் கட்டியிருக்கிறார்கள். இன்று நாம் கும்பிடுவது அதே பழைய பகோடாவையா?

கிரேக்கர்கள் இதே கேள்வியைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நினைவுச்சின்னமாகக் காத்து வந்தார்கள். பலகை உளுத்தால் எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். பழைய பலகை ஒன்றுகூட மிஞ்சாதபோது அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டதை புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சுப் போட்டார்: கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டிவிட்டால் எது தீசியஸின் கப்பல்?

ஷ்வேடகோன் கதை கொஞ்சம் வேறு. 15ஆம் நூற்றாண்டில் அரசி ஷின் சாபு அதை உயர்த்தி, தன் எடைக்கு எடை பொன் கொடுத்துப் போர்த்தினார். 1768 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்தது. ஷின்பியூஷின் மன்னர் திரும்பக் கட்டி, ஏறக்குறைய 99 மீட்டர் என்ற இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்தார். உச்சிக் குடையை 1871இல் மிண்டோன் மன்னர் மண்டலேயிலிருந்து அனுப்பினார்; 1999இல் அதுவும் மாறியது. கப்பலில் பழையதை எடுத்துப் போட்டார்கள். தூபியை உயர்த்தும்போது பழையதை எடுப்பதில்லை, அதன் மேலேயே புதியதை எழுப்புகிறார்கள். சின்னது உள்ளே, பெரியது வெளியே. அப்படியானால் வளர்ந்தது என்று சொல்வதா, மூடப்பட்டது என்று சொல்வதா?

நம் கோயில்களிடம் இதற்கு ஒரு தெளிவான நிலைப்பாடு இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ பலகையில் எழுதிய படத்துக்கோ மாற்றி வைத்து, கும்பாபிஷேகம் வரை பூசையை அங்கே நடத்துகிறோம். அதுவரை கருவறைக்குள் கொத்தனார் ஏறி இறங்கலாம். கோயிலை அதே கோயிலாக வைத்திருப்பது சாந்நித்தியம், அதாவது தெய்வத்தின் இருப்பு, கல் இல்லை என்பது இதன் பொருள். இதைச் சடங்கு என்று மட்டும் பார்ப்பது தவறு. அடையாளம் எதில் தங்குகிறது என்பதற்கு யோசித்துச் சொன்ன பதில் இது.

ஆனால் ஹாப்ஸின் முடிச்சு இங்கேயும் விழுகிறது. ஊர்க்கோயிலில் பிடிமண் எடுத்து, கடல் தாண்டிய இடத்தில் அம்மனை நிறுவுவது நம் வழக்கம். ஊரில் அந்தக் கோயில் தொடர்ந்து நடக்கிறது, இங்கேயும் நடக்கிறது. 1960களில் இங்கிருந்து வெளியேறியவர்களில் சிலர் மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கி அங்கே அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினார்கள். ஒரே அம்மனா, மூன்று அம்மனா என்று கேட்டால் "ஒரே அம்மன்தான்" என்று சொல்ல எந்தப் பக்தரும் தயங்கமாட்டார். அப்படியென்றால் ஒன்று ஒரே நேரத்தில் பல இடங்களில் முழுமையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. கப்பலுக்கு அதை ஒப்புவீர்களா? உங்கள் அப்பாவுக்கு?

கட்டிய பொருள்களைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: செங்கல் எத்தனை பழையது, வடிவம் எப்போது மாறியது, வழிபாடு எங்கே தொடர்ந்தது என்று எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு "அதேதானா?" என்று கேட்க மிச்சம் எதுவும் இல்லை. மனிதருக்கு இதே பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதற்குத்தான் ரதம் பற்றிய கேள்வி.

இன்லே ஏரியில் இருக்கும் புத்தர் சிலைகள் தங்க இலை ஒட்டி ஒட்டி உருண்டையாகிவிட்டன. அவை இன்னும் சிலைகளா?

பௌங் டோ ஊ கோயிலின் ஐந்து சிலைகளைச் சொல்கிறீர்கள். முகம், கை, மடி எதுவும் தெரியாது. தங்க உருண்டைகளாகத்தான் கண்ணுக்குப் படும். மண்டலேயின் மகாமுனி புத்தர் சிலைக்கும் உடம்பெல்லாம் பல அங்குலத் தடிமனுக்குப் பொன் ஏறியிருக்கிறது. முகத்தை மட்டும் தினமும் விடியற்காலையில் கழுவித் துடைப்பதால் அது தப்பித்தது.

எந்த இலையோடு சிலை உருண்டையானது? ஒரு இலை ஒட்டினால் உருவம் மறைந்துவிடாது. இன்னொன்று ஒட்டினாலும் மறையாது. இப்படியே போனால் ஒருபோதும் மறையக்கூடாது, ஆனால் மறைந்திருக்கிறது. கிமு 4ஆம் நூற்றாண்டில் யூபுலிடீஸ் இதை மணல் குவியலை வைத்துக் கேட்டார். இன்றும் தீராத புதிர். குறிப்பிட்ட ஓர் இலையில்தான் எல்லை இருக்கிறது, நம்மால் அதை அறிய முடியாது, அவ்வளவுதான் என்று திமோத்தி வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி வாதிடுகிறார். முதலில் கேட்கும்போது அபத்தமாகப் படும். மற்றப் பதில்களின் சிக்கல்களைப் பார்த்த பிறகு அவ்வளவு அபத்தமாகப் படாது. கும்பிடுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வணங்குவது உள்ளே இருப்பதை.

அண்ணே, பள்ளிக்கூடத்தில் "நான் என்று ஒன்று இல்லை, ரதம் மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் ஆத்மா உண்டு என்கிறார்கள். யாரை நம்புவது?

முதலில் ரதத்தைச் சரியாகப் பார்ப்போம். கிமு 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னர் மெனாண்டர், பாலி மொழியில் மிலிந்தர், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி கேட்பதாக அமைந்த நூல் மிலிந்த பஞ்ஹ. பர்மிய மரபு இதைத் திரிபிடகத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. பல தேரவாத நாடுகளில் அப்படி இல்லை. நாகசேனர் "நாகசேனன் என்பது ஒரு பெயர்தான், அதற்குள் ஆள் ஒருவரும் அகப்படமாட்டார்" என்கிறார். மன்னருக்குக் கோபம் வருகிறது. ஆள் இல்லையென்றால் சோறு வாங்குவது யார், சீலம் காப்பது யார் என்கிறார். நாகசேனர் திருப்பிக் கேட்கிறார்: மன்னா, ரதத்தில் வந்தீரே, ஏர்க்கால் ரதமா? அச்சு ரதமா? சக்கரம் ரதமா? எல்லாவற்றையும் சேர்த்தது ரதமா? எல்லாவற்றுக்கும் வெளியே ரதம் என்று தனியாக ஒன்றா? எல்லாவற்றுக்கும் மன்னர் இல்லை என்கிறார். அப்படியானால் ரதம் என்பது இந்த உறுப்புகளைச் சார்ந்து எழும் ஒரு வழக்குச் சொல். நாகசேனனும் அப்படியே.

இது மிக வலுவான வாதம். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் தனக்குள் உற்றுப் பார்த்து, சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஒரு அனுபவம்தான் அகப்படுகிறது, 'நான்' அகப்படவே இல்லை என்று எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது நம் பக்கம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் நான்கே வரி. ஆன்மா உண்டு என்பதற்கு ஏழு காரணங்களை அதில் அடுக்குகிறார். "இது நான் இல்லை, இதுவும் நான் இல்லை" என்று ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டு போகிறதே, அந்தத் தள்ளுவது எது என்பது முதல் காரணம். என் உடம்பு என்கிறோம்; உடைமை என்றால் உடையவர் வேண்டும். கண் பார்க்கும், காது கேட்கும், ஒன்றின் வேலையை மற்றொன்று அறியாது. ஐந்தையும் சேர்த்து அறிவது ஒன்று வேண்டும். புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நடக்கிறது. கனவும் அற்ற தூக்கத்தில் நுகர்வும் இல்லை, செயலும் இல்லை, ஆனாலும் எழுந்து வருவது அதே ஆள். இப்படிப் போகிறது.

முதல் காரணத்தை நிதானமாகப் பாருங்கள். நாகசேனர் எந்தக் கத்தியால் வெட்டுகிறாரோ அதே கத்தியை மெய்கண்டார் பிடுங்கிக்கொள்கிறார். அச்சு ரதம் இல்லை, சக்கரம் ரதம் இல்லை என்று சொன்னது ரதம் அல்லவே. மிலிந்தர் அல்லவா சொன்னார்! ரதம் தன்னைப் பற்றி விசாரிக்காது. நான் விசாரிக்கிறேன். உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது என்பது என் கணிப்பு.

பௌத்தரிடம் பதில் இல்லாமல் இல்லை. தள்ளுவதும் ஒரு நினைவுக் கணம், அது அடுத்த கணத்துக்குக் காரணமாகிறது, சங்கிலி ஓடுகிறது, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கை ஒன்று தேவையில்லை என்பார்கள். தூக்கத்துக்கும் அபிதம்மத்தில், அதாவது மனத்தை அலசும் பௌத்த நூல்தொகுதியில், இடம் உண்டு: வெளிப்புலன் எதுவும் வேலை செய்யாதபோது பவங்கம் என்ற அடியோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கனவற்ற தூக்கத்தைத் தாண்டி ஆள் எப்படித் தொடர்கிறார் என்ற ஒரே சிக்கலை இரண்டு மரபும் பார்த்திருக்கின்றன. ஒன்று ஆன்மாவை வைத்தது, மற்றொன்று ஓட்டத்தை வைத்தது. எனக்கு மெய்கண்டாரின் வாதம் ஒரு பிடி கூடுதலாகத் தெரிகிறது. வட்டத்தில் பாதிப்பேர் இதை ஏற்பதில்லை. அவர்கள் காரணத்தோடு மறுக்கிறார்கள், எனக்கு அது போதும்.

கடைசியில் எல்லாம் ஒன்றுதானே ஐயா? எதற்குச் சண்டை?

இல்லை, ஒன்றில்லை. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் தொடக்கமற்றவை, உயிர் அழியாதது. அபிதம்மத்தில் மனமும் உடம்பும் கணந்தோறும் தோன்றி மறைபவை. அழியாத உயிர் என்று ஒன்று கிடையாது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தது இதனால்தான். அதற்கு முன்பே மணிமேகலை மற்றச் சமயங்களின் வாதங்களைக் கேட்டுக் கடைசியில் பௌத்தத்தை ஏற்றாள். தமிழில் இந்தப் பேச்சு கண்ணியமாகவும் கடுமையாகவும் நடந்திருக்கிறது.

காளி கோயிலில் விளக்கேற்றிவிட்டு, மகனுக்கு ஷின்பியூ என்ற இளந்துறவுச் சடங்கு செய்து துவராடை உடுத்தி அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அதில் தவறு எதுவும் இல்லை, அது அழகான வாழ்க்கை. ஆனால் இரண்டு வழிபாடுகள் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கலாம், எதிரெதிரான இரண்டு கூற்றுகள் அப்படி இருக்க முடியாது. "எல்லாம் ஒன்றுதான்" என்றால் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை என்று ஆகிறது. அக்கம்பக்கத்தாரோடு ஒற்றுமையாக இருப்பதற்காக நாம் இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். நோக்கம் நல்லது. அதற்காக யோசிப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

முற்பிறவி ஞாபகம் இருக்கிற குழந்தைகள் இங்கே உண்டு என்கிறார்களே. ஞாபகம் இருந்தால் அதே ஆள் என்றுதானே அர்த்தம்?

இயான் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பர்மாவில் இப்படிப்பட்ட பல குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். போரில் இங்கே இறந்த ஜப்பானியச் சிப்பாய் நான் என்று சொன்ன பர்மியக் குழந்தைகளும் அதில் உண்டு. அந்தச் சான்றுகள் போதுமானவையா என்பது வேறு விவாதம். பலர் போதாது என்கிறார்கள். உங்கள் கேள்வி அதைவிட ஆழமானது. சான்று முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஞாபகம் ஆளை ஆக்குமா?

ஆக்கும் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவனின் உடம்பில் புகுந்தால் அந்த ஆள் இளவரசனே என்றார். 1785இல் தாமஸ் ரீட் ஓட்டையைக் காட்டினார்: தளபதிக்குத் தான் இளம் அதிகாரியாக இருந்தது நினைவிருக்கிறது, அந்த அதிகாரிக்குச் சிறுவனாக அடி வாங்கியது நினைவிருந்தது, தளபதிக்குச் சிறுவயது நினைவே இல்லை. லாக் சொல்வதுபடி தளபதி அதிகாரியே, அதிகாரி சிறுவனே, ஆனால் தளபதி சிறுவன் இல்லை. இது பொருந்தாது. அப்புறம் 1984இல் டெரெக் பார்ஃபிட் வந்து, என் உடம்பை அணு அணுவாகப் படியெடுத்துச் செவ்வாய்க் கிரகத்தில் இன்னொன்றை உண்டாக்கினால், இங்கே இருப்பவனும் மிஞ்சிவிட்டால், எது நான் என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே ஞாபகம். பிடிமண் கேள்வி இங்கே மனிதர்மேல் விழுகிறது.

நாகசேனரிடம் மிலிந்தர் இதைக் கேட்டபோது "அவனும் அல்ல, வேறொருவனும் அல்ல" என்று பதில் வந்தது. பார்ஃபிட்டும் ஏறக்குறைய அங்கேதான் போய்ச் சேர்ந்தார். 'அதே ஆளா' என்பது அவ்வளவு முக்கியமில்லை, தொடர்ச்சிதான் முக்கியம் என்றார். எனக்கு இதில் ஒரு தடை உண்டு. நாளைக்கு ஒருவருக்குக் கடும் வலி வரப்போகிறது என்று சொன்னால் "அது எனக்கா?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு "ஓரளவுக்கு" என்ற பதில் எனக்கு விளங்கவில்லை.

மனம் என்பது மூளைதான் என்று டாக்டருக்குப் படிக்கும் தங்கை சொல்கிறாள். சித்தாந்தம் இதை மறுக்குமா?

நீங்கள் நினைக்கிற அளவுக்கு மறுக்காது. சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் மாயையிலிருந்து தோன்றிய கருவிகள். அவை சடம். மனம் பொருள் பக்கத்தைச் சேர்ந்தது என்று தங்கை சொன்னால், "ஆமாம், அறிகிறவர் யார்?" என்றுதான் மெய்கண்டார் கேட்பார். மேலைநாட்டுப் புத்தகங்கள் உடம்பை ஒரு பக்கமும் மனத்தை மறுபக்கமும் வைத்துக் கோடு போடுகின்றன. நம் கோடு வேறு இடத்தில் விழுகிறது. இது தெரியாமல் வாதத்தில் இறங்கினால் இரண்டு பேரும் பேசுவது ஒட்டவே ஒட்டாது.

தங்கையிடம் கேட்க ஒரு கேள்வி. 1982இல் ஃபிராங்க் ஜாக்சன், கருப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்து நிறத்தைப் பற்றிய அறிவியல் முழுவதையும் கற்ற மேரி என்ற பெண்ணைக் கற்பனை செய்தார். வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைப் பார்க்கும்போது அவள் புதிதாக ஏதாவது அறிகிறாளா? நம் ஊருக்கு நாப்பியை, அந்தப் புளித்த மீன் விழுதை, வைத்துக்கொள்ளுங்கள். புளித்த மீனில் உண்டாகும் ஒவ்வொரு வேதிப்பொருளும், அது மூக்கில் எந்த நரம்பைத் தொடுகிறது என்பதும் தெரிந்த ஒருவர், நாப்பி வாசனையை ஒருநாளும் முகர்ந்ததில்லை. முதல்முறை தட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறும். எதை அறிந்து மாறியது? ஜாக்சனே பின்னாளில் தன் வாதத்தைக் கைவிட்டு, அறிவியல் விளக்கம் போதும் என்ற பக்கம் போனார் என்பதையும் தங்கையிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. ஆனால் அவர் பழைய வாதம் இன்னும் நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

போனில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறதே, அதற்குத் தமிழ் புரியுமா?

ஜான் சேர்ல் 1980இல் இதற்கு ஒரு கற்பனை சொன்னார். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். சீன எழுத்தில் சீட்டு உள்ளே வரும். விதிப்புத்தகத்தைப் பார்த்து, இந்தக் குறிக்கு அந்தக் குறி என்று எழுதி வெளியே தருவார். வெளியே நிற்பவர் உள்ளே சீனர் இருக்கிறார் என்று நினைப்பார். உள்ளே இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. கணினியும் இவ்வளவுதான் என்றார். ஆளுக்குப் புரியாவிட்டாலும் ஆள், புத்தகம், அறை எல்லாம் சேர்ந்த அமைப்புக்குப் புரியலாமே என்பது எதிர்வாதம்.

நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளை "தோடுடைய செவியன்" பதிகத்தைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறது. விடையேறி என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். சேர்லின் அறைக்குள் இருக்கும் ஆள் மாதிரி இருக்கிறதா? முழுக்க இல்லை. பண்ணின் ஏற்ற இறக்கம் அதன் தொண்டையில் இருக்கிறது, சுவாமிக்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரிகிறது, பக்கத்தில் அப்பாயி கண் கலங்குவது தெரிகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு அதற்குத் தெரியாது. சொல் எதைத் தொடுகிறதோ அதில் கொஞ்சம் தெரியும். போனிலுள்ள நிரல் நேர் எதிர். காளை என்று பொருள்படும் விடை என்ற சொல் எந்தச் சொற்களோடு வரும் என்பதைக் கோடிக்கணக்கான வரிகளிலிருந்து கற்றிருக்கிறது. காளையைத் தொட்டதில்லை. இதில் ஒன்றைப் புரிதல் என்றும் மற்றதைப் புரியாமை என்றும் வெட்டிச் சொல்ல முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்றே இப்போதைக்கு நினைக்கிறேன்.

கறி வாங்கினால் பாவமா? நான் கொல்லவில்லையே.

இது ஒவ்வொரு முறையும் சூடு பிடிக்கும் கேள்வி. வள்ளுவர் நேராகவே பேசுகிறார்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை. பக்கத்திலிருக்கும் பர்மிய நண்பர் பாலி நூலிலிருந்து வேறொன்று சொல்வார்: தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகிக்காமல் இருந்தால் பிக்கு இறைச்சியை ஏற்கலாம். முரண் போலத் தெரிகிறது. ஆனால் இரண்டும் பேசுவது வேறு வேறு ஆளிடம். பிக்கு பாத்திரத்தை நீட்டுகிறார், விழுவதை உண்கிறார், எதை வாங்குவது என்று அவர் தேர்வதில்லை. வள்ளுவர் பேசுவது காசோடு சந்தைக்குப் போகிறவரிடம். சந்தைக்குப் போகும் நாம் பிக்குவுக்குச் சொன்ன விதியை எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது.

"நான் ஒருத்தன் அரைக் கிலோ வாங்காவிட்டால் ஆடு பிழைக்குமா?" என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் வாங்கினால் கடைக்காரர் இன்னொரு ஆடு அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது பேர் வாங்கியது எதையும் மாற்றாது, இருபதாவது ஆள் ஓர் ஆட்டையே முடித்துவிடுகிறார். நீங்கள் எத்தனையாவது ஆள் என்று உங்களுக்குத் தெரியாது. இருபதில் ஒரு வாய்ப்பு, முழு ஆடு. சராசரி பார்த்தால் உங்கள் பங்கு நீங்கள் தின்ற அளவேதான். 'என்னால் ஒன்றும் மாறாது' என்ற வாதம் இங்கே மட்டும் இல்லை, குப்பை கொட்டுவதில், லஞ்சம் கொடுப்பதில் எல்லா இடத்திலும் இதே மாதிரிதான் உடைகிறது.

முனீஸ்வரனுக்குச் சேவல் கொடுப்பது பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். அங்கே கொல்பவர் யார், யாருக்காக என்பதில் மறைவு எதுவும் இல்லை. கண்முன் நடக்கிறது. வள்ளுவரின் கேள்வி அதற்கும் பொருந்தும், ஆனால் பையில் கட்டிய கறியைவிட அதில் நேர்மை அதிகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெடி சயாடோ என்ற பர்மியப் பிக்கு, உழவுக்கு உதவும் மாட்டைத் தின்னாதீர்கள் என்று கடிதம் எழுதி, பல பர்மியர்களை மாட்டிறைச்சியை விட வைத்தார். அவர் வைத்தது நன்றியின் வாதம், கொலையின் வாதம் இல்லை. ஒரே செயலைத் தவிர்க்க இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து எதுவரை தவிர்க்க வேண்டும் என்பது மாறும்.

ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

சொல்லலாம். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதினார். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்றார் வள்ளுவர். புரைதீர்ந்த, அதாவது குற்றமே கலவாத நன்மை என்ற கடுமையான நிபந்தனையை விட்டுவிட்டுக் குறளைச் சொல்பவர்கள்தான் அதிகம்.

ஐந்து பேரைக் காக்க ஒருவரைப் பலி கொடுக்கலாமா? தண்டவாளக் கதைக்கு விடை என்ன?

கதை தெரியாதவர்களுக்கு: தடம் பிடித்து ஓடும் டிராம் ஐந்து பேரை நோக்கிப் போகிறது, திருப்பிவிட்டால் வேறு தடத்தில் ஒருவர் இறப்பார். 1967இல் ஃபிலிப்பா ஃபூட் எழுதியது. பிறகு ஜூடித் ஜார்விஸ் தாம்சன், பாலத்தில் நிற்கும் ஒருவரைத் தள்ளிவிட்டு டிராமை நிறுத்தலாமா என்று திருப்பிக் கேட்டார். பெரும்பாலோர் முதலாவதற்குச் சரி என்பார்கள், இரண்டாவதற்குக் கூடாது என்பார்கள். எண்ணிக்கை ஒன்றேதான்.

இந்தக் கதை ஒரு விஷயத்தைத் தொடுவதில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தே போனார்கள். பசி, காலரா, மலேரியா. வழியில் எண்ணற்றவர்கள் விழுந்தார்கள். நடக்க முடியாத தாயோடு உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளும் சாவார்கள். பிள்ளைகளோடு நடந்தால் தாய் தனியாகச் சாவாள். நடந்தவர் செய்தது சரியா? சரிதான் என்றே சொல்வேன். ஆனாலும் அவர் சாகும்வரை அதைப் பற்றிப் பேசாமலோ, பேசினால் அழுதோதான் இருந்தார். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இதை எடுத்துப் பேசியவர். தவறு செய்யாதவருக்கும் தன் கையால் நடந்ததைப் பற்றிய வருத்தம் வரும், வரவும் வேண்டும், அதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்றார். "நீங்க செஞ்சது சரிதான் பாட்டி" என்று நாம் சொன்னால் அந்த வருத்தம் தீராது. சரி என்று ஆனபிறகும் மிச்சம் இருக்கும் ஒன்று அது. ஐந்து பெரிதா ஒன்று பெரிதா என்று எண்ணுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பூகம்பத்தில் செத்தவர்கள் போன பிறவியில் என்ன பாவம் செய்தார்கள்?

2025 மார்ச் 28க்குப் பிறகு இந்தக் கேள்வியை நிறையக் கேட்டேன். சகாயிங் பிளவில் 7.7 அளவில் நிலம் நழுவியது. வெள்ளிக்கிழமை நண்பகல், ரமலான் மாதம், தொழுகையில் இருந்தவர்கள்மேல் பள்ளிவாசல்கள் இடிந்தன. பிக்குகள்மேல் மடங்களும் இடிந்தன.

வினைக் கொள்கையை ஏற்பவர்களுக்கே முதலில் சொல்கிறேன். சீவகர் என்ற துறவி புத்தரிடம் போய், மனிதர் படும் துன்பமெல்லாம் முன்வினையாலா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் புத்தர். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறரின் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லி எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார். எல்லாம் முன்வினை என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் போகிறார்கள் என்றும் சொல்கிறார். இது பாலித் திரிபிடகத்திலேயே இருக்கிறது. ஆக, துன்பத்தைப் பார்த்து அவர் பாவி என்று முடிவு கட்டுவது பௌத்தத்தின்படியே தவறான அனுமானம். சைவத்தில் பிராரத்தம், அதாவது இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த வினை, உண்டு, ஆனால் யாருடைய பிராரத்தம் என்ன என்று பார்க்கும் கண் நமக்குத் தரப்படவில்லை.

இனி, வினையே காரணம் என்று வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும் என் கடமை ஒரு இழையும் குறையாது. 1972இல் பீட்டர் சிங்கர், கிழக்கு வங்கத்தில் மக்கள் பட்டினியால் இறந்ததை முன்வைத்து, குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காக்க உடை நனைந்தாலும் இறங்குவோம், தூரத்தில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் இறங்குவதில்லை என்று கேட்டார். குழந்தை எதனால் விழுந்தது என்பது இறங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ரங்கூனிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வடக்கே போன பையன்கள் அதைக் கேட்கவில்லை.

பிறந்த கிழமையை வைத்துச் சொன்ன பலன் பலித்துவிட்டது. அப்படியானால் என் முடிவு என்னுடையது இல்லையா?

முன்கூட்டி அறிவதும் கட்டாயப்படுத்துவதும் வேறு. நாளை நீங்கள் காலையில் டீ குடிப்பீர்கள் என்று உங்கள் அக்காவுக்கு உறுதியாகத் தெரியும். அதனால் அவர் உங்களைக் குடிக்க வைத்ததாக ஆகாது. பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனை இதைவிடக் கடினமானது: கையை அசைக்க முடிவு செய்ததாக ஆள் உணர்வதற்குச் சற்று முன்பே மூளையில் அதற்கான மின் அலை எழுந்தது. அந்த அலை முடிவுதானா, சும்மா ஏறி இறங்கும் சலனமா என்பதில் பிறகு வந்த ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஊழைவிட வலியது எது என்று கேட்ட வள்ளுவரே, தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காண்பார் என்றும் சொன்னார். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று ஒரு வாரம் தனியாகப் பேச வேண்டும்.

என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எங்கிருந்து தொடங்கச் சொல்வீர்கள்?

ரதப் பகுதியிலிருந்து. அதைப் பர்மிய மொழியிலேயே படிக்கட்டும். அப்புறம் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை, நான்கு வரிதானே, உங்களோடு உட்கார்ந்து தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். உரை பார்க்கும் முன் ஒவ்வொரு காரணத்துக்கும் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் அவளே சொல்லட்டும். பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: யார் வாதம் ஏற்புடையது, ஏன். மறுபக்கத்தில் எதிர்த் தரப்பு அதற்குச் சொல்லக்கூடிய மிக வலுவான பதில். இரண்டாவது பக்கம் இல்லாமல் முதல் பக்கத்தை நாங்கள் வாசிப்பதில்லை, பெரியவர்கள் எழுதியதற்கும் இதே விதி. பர்மிய மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்வோம்.